‘லைன் இல்ல’ என்று வருகிறவர்களுக்கு: புது போன் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

மலேசியாவில், நெகிரி செம்பிலானின் பகாவ் டவுனில் மாமாவின் கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. வேலை முடிந்து மாலையில் அங்கே போய் உட்காருவேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், கொஞ்சம் பால் மரம், அந்தப் பக்கம் அரசின் ஃபெல்டா குடியேற்றத் திட்ட நிலங்கள். எங்கிருந்து வந்தாலும் எல்லாருக்கும் ஒரே புகார்தான்: “தம்பி, லைன் இல்ல.” இந்த இரண்டு சொல்லுக்குள் குறைந்தது ஏழு நோய் ஒளிந்திருக்கிறது, ஏழுக்கும் மருந்து வேறு. இது தெரியாமல் பாதிப் பேர் எண்ணூறு, ஆயிரம் வெள்ளி கொடுத்துப் புது போன் வாங்கிப் போகிறார்கள், அடுத்த வாரம் அதே முகத்தோடு திரும்பி வருகிறார்கள். வியாபாரத்துக்கு நல்லதுதான், ஆனால் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஃப்ளைட் மோடைப் போட்டுப் பத்து விநாடி கழித்து எடுங்கள். போன் சில நேரம் தூரத்துக் கோபுரம் ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு கிடக்கும், இது அதை உதறிவிட்டு மறுபடி தேட வைக்கும். அப்படியும் சரியாகவில்லையா, சிம்மை மாற்றிப் போட்டுப் பாருங்கள். தட்டைத் திறக்கும் ஊசி தொலைந்திருக்கும், தோட்டின் கம்பி போதும். உங்கள் சிம்மைப் பக்கத்து வீட்டுக்காரர் போனில், அதே இடத்தில் நின்று போட வேண்டும், இரண்டடி தள்ளி நின்றாலே கணக்கு மாறிவிடும். அங்கே ஓடினால் உங்கள் போனில்தான் கோளாறு. ஓடவில்லை என்றால் அவருடைய சிம்மை உங்கள் போனில் போடுங்கள், அது ஓடினால் கோளாறு உங்கள் சிம்மிலோ திட்டத்திலோ இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நிறுவனமாக இருந்து இரண்டு போனிலும் ஓடவில்லை என்றால் அது இடத்தின் பிரச்சினை, எந்தப் போன் வாங்கினாலும் போகாது. வேறு வேறு நிறுவனம் என்றால் இந்தச் சோதனை பாதிதான் பேசும், அதனால் ஒரே நிறுவனத்துக்காரரைத் தேடிப் பிடியுங்கள்.

இன்னொன்று, மேலே தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு போன் கம்பெனியும் கோட்டைத் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், போனைப் பற்றி, சிம் நிலை என்று போனால் டிபிஎம் என்று ஓர் எண் இருக்கும், அலையின் பலத்தைச் சொல்வது அதுதான். ஐபோனில் *3001#12345#* என்று அடித்து அழைத்தால் வரும் திரையில் ஆர்எஸ்ஆர்பி என்று பாருங்கள், அதுவும் அதே கணக்குதான். 4ஜியில் இருக்கும்போது –85 பக்கம் இருந்தால் பிரமாதம், –105 என்றால் சமாளிக்கலாம், –115ஐத் தாண்டிவிட்டால் வாட்சப் குரல் செய்தி போவதே பெரிய பாடு. பத்து எண் குறைந்தால் ‘கொஞ்சம்தானே குறைந்தது’ என்று நினைக்க வேண்டாம், சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம்.

“வீட்டுக்குள்ள இல்ல, வாசலுக்கு வந்தா இருக்கு”

தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இதுதான் அதிகம். வாசலில் –98, அடுப்படியில் –118. காரணம் தலைக்கு மேலேயே இருக்கிறது, துத்தநாகத் தகரக் கூரை. உலோகம் அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும், உள்ளே வருவதெல்லாம் ஜன்னல் வழியாகவும் சுவர் வழியாகவும் கசிந்து வருவதுதான்.

அதோடு, எந்த அலைவரிசை உங்களை எட்டுகிறது என்பதும் முக்கியம். நம் நாட்டில் 4ஜி பெரும்பாலும் 900, 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, போன் கணக்கில் பேண்ட் 8, பேண்ட் 3, பேண்ட் 1, பேண்ட் 7. எண் சிறிதானால் அலை நீளம், அது தூரம் போகும், மரத்தையும் சுவரையும் ஓரளவு தாண்டும். 900இன் அலை ஏறக்குறைய ஒன்றரைச் சாண் நீளம், 2600இன் அலை அரைச் சாண்தான். டவுனில் வேகமாக ஓடும் 2600 செம்பனைக் காட்டுக்குள் நுழைந்து இரண்டு மூன்று வரிசை மரம் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும், தோட்டத்துக்குள் வந்து சேர்வது பெரும்பாலும் 900தான்.

ஆனால் அந்த 900இல் இடம் குறைவு. 2016இல் அதைத் தொலைபேசி நிறுவனங்களுக்குப் புதிதாகப் பங்கு பிரித்தபோது மக்சிஸுக்கும் செல்கோமுக்கும் போக 10 வர 10 என்று 10 மெகாஹெர்ட்ஸ் ஜோடியும், டிஜிக்கும் யூ மொபைலுக்கும் 5 மெகாஹெர்ட்ஸ் ஜோடியும் கிடைத்தன. பிறகு 2022 நவம்பர் கடைசியில் செல்கோமும் டிஜியும் ஒன்றாகிவிட்டன. ‘நீளமான ரோடு, ஆனா ஒரு லாரிதான் போகலாம்’ என்று நான் கடையில் சொல்வேன். தூரம் வரும், வேகம் வராது.

என்ன செய்வது? வீட்டில் யூனிஃபை மாதிரி வைஃபை இருந்தால் வைஃபை அழைப்பை இயக்குங்கள், சாதாரண அழைப்பே வைஃபை வழியாகப் போகும், அந்தப் பக்கம் பேசுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. வைஃபை இல்லை என்றால், கோபுரம் இருக்கும் திசை ஜன்னலில் பழைய போன் ஒன்றை ஹாட்ஸ்பாட்டாக வைத்துவிட்டு உள்ளே இன்னொரு போனில் பயன்படுத்துவது செலவில்லாத வைத்தியம். சிம் போடும் ரௌட்டரும் நல்லது, வெளி ஆண்டெனா பொருத்தும் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் தகரத்துக்கு மேலே கம்பத்தில் ஆண்டெனாவை ஏற்றிவிடலாம்.

பூஸ்டர் வேண்டாம். இணையத்தில் இருநூறு முந்நூறு வெள்ளிக்கு விற்கிறார்கள், வாங்கி மாட்டியவர்களை எனக்குத் தெரியும். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம், அது ஒருபுறம் இருக்கட்டும். மலிவான பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிக் கோபுரத்துக்கே அனுப்பும், உங்கள் ஒரு வீட்டுக்காக லயம் முழுவதற்கும் லைன் கெடும்.

“பேச ஆரம்பிச்சா வாட்சப் செத்துப்போகுது”

ஓர் அக்கா இப்படியே சொன்னார், இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியாளரும் சொல்ல முடியாது. அழைப்பு போய் மணி அடிக்கவே ஏழெட்டு விநாடி ஆகிறது, பேசும்போது மேலே 4ஜி போய் ‘ஈ’ என்றோ ‘ஜி’ என்றோ வருகிறது (இரண்டும் பழைய 2ஜியின் அடையாளம்), இணையம் நிற்கிறது, வைத்த பிறகும் 4ஜி திரும்ப நேரம் எடுக்கிறது. இதற்குப் பெயர் வோல்டி இல்லாமை.

4ஜி என்பது தரவுக்காகக் கட்டியது. அதில் குரல் போக வேண்டுமானால் வோல்டி என்ற வசதி போனிலும் வேண்டும், நிறுவனமும் அந்தப் போனுக்கு அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அழைப்பு வரும்போதெல்லாம் போன் 4ஜியை விட்டிறங்கிப் பழைய வலைக்குப் போகும். முன்பு 3ஜிக்கு இறங்கியது, பேசிக்கொண்டே இணையமும் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. 2021 கடைசியில் அரசின் ஜெண்டெலா இணையத் திட்டத்தின்படி நாடு முழுவதும் 3ஜியை மூடிவிட்டார்கள், இப்போது இறங்கினால் நேராக 2ஜிதான். நேற்றுவரை நன்றாக இருந்த போன் 2022 பிறந்ததும் திடீரென்று கெட்டுப்போனதாக நினைத்தவர்கள் பலர், போனுக்கு ஒன்றுமில்லை, அதன் காலுக்குக் கீழிருந்த படி ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் வோல்டி அல்லது 4ஜி அழைப்பு என்ற பொத்தான் இருக்கிறதா பாருங்கள், அணைந்திருந்தால் போடுங்கள், பாதிப் பேருக்கு அத்தோடு தீரும். பொத்தானே இல்லை என்றால் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அதிலும் வரவில்லை என்றால் அது ஏபி செட்டா என்று பாருங்கள், அதாவது இங்கே அதிகாரபூர்வமாக இறக்காமல் வேறு நாட்டுக்காகச் செய்த போனை யாரோ கொண்டுவந்து விற்றது. சீனத்து ஏபி செட்டுகளில் பேண்ட் 1, 3, 8 எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதனால் இணையம் அருமையாக ஓடும், வாங்கியவர் ‘நல்ல செட்டுதான்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் மலேசிய நிறுவனங்களின் வோல்டி அமைப்பு பல நேரம் உள்ளே இருக்காது. ஷாவ்மி போனில் *#*#86583#*#* என்று அடித்தால் அந்தத் தடை நீங்கிப் பொத்தான் தோன்றுவதுண்டு, எல்லாப் பதிப்பிலும் வேலை செய்யாது, முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

இங்கே ஒரு விபரீதத்தையும் சொல்லிவிட வேண்டும். *#*#4636#*#* என்று அடித்து ‘எல்டிஇ மட்டும்’ என்று வைத்தால் இணையம் பறக்கும் என்று ஒரு வித்தை வாட்சப்பில் சுற்றுகிறது. வோல்டி இல்லாத போனில் அப்படி வைத்தால் அழைப்பு வரவும் வராது, போகவும் போகாது. பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) ஏன் வரவில்லை என்று மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், மூன்று நாள் அழைத்துப் பார்த்து ஓய்ந்துபோன ஒரு போனை நான் சரிசெய்திருக்கிறேன்.

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலோ இணையத்திலோ பழைய போன் வாங்குகிறீர்களா? வண்ணம், கேமரா எல்லாம் அப்புறம். உங்கள் சிம்மைப் போட்டு யாரையாவது அழையுங்கள், பேசும்போது மேலே 4ஜி நிற்கிறதா ‘ஈ’க்கு விழுகிறதா என்று பாருங்கள். விற்கிறவர் இந்தச் சோதனைக்கு ஒப்பவில்லை என்றால் நடையைக் கட்டுங்கள்.

“எப்பவுமே ‘ஈ’ தான் வருது”

பழைய 3ஜி போன். அதற்கு இனி 2ஜி மட்டும்தான், சரிசெய்ய எதுவும் இல்லை. ஆயாவின் பொத்தான் போன் மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்பார்கள், அது ஆரம்பத்திலிருந்தே 2ஜி, 3ஜியை மூடியபோது அந்த வலையை மூடவில்லை. ஆனால் அதை மாற்ற வேண்டி வந்தால் மறுபடி 2ஜி பொத்தான் போன் வாங்காதீர்கள், வோல்டி உள்ள 4ஜி பொத்தான் போனாகவே வாங்குங்கள், விலை கொஞ்சம்தான் கூட.

போன் புதிது, ஆனாலும் ‘ஈ’ என்றால் செட்டிங்ஸில் விருப்ப வலை (‘ப்ரிஃபர்ட் நெட்வொர்க்’) 2ஜியில் நிற்கிறதா பாருங்கள். இரண்டு சிம் போடும் பழைய மாடல்கள் சிலவற்றில் இரண்டாவது துளைக்கு 2ஜி மட்டும்தான் கிடைக்கும், தரவு சிம்மை முதல் துளைக்கு மாற்றினால் போதும். சிம்மே பத்து வருடப் பழையதாக இருந்தாலும் 4ஜி வராமல் போகலாம், ஐசியை (அடையாள அட்டையை) கொண்டுபோய்ப் புது சிம் வாங்கிக்கொள்ளுங்கள், எண் மாறாது. நான் போன ஒரு கவுண்டரில் இதற்கு இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு “ஆன்லைனில் செய்யலாமே” என்றார்கள். ஆன்லைனில் செய்ய லைன் வேண்டாமா?

“கோடு நிறைய இருக்கு, ஆனா எதுவும் ஓடல”

கோபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது, கூட்டம் அதிகம். விடியற்காலை ஐந்தரைக்கு வேகத்தைச் சோதியுங்கள், பிறகு இரவு ஒன்பதுக்கு அதே இடத்தில் சோதியுங்கள். காலையில் நாற்பது எம்பிபிஎஸ், இரவில் ஒன்றரை என்றால் நெரிசல், உங்கள் போனுக்கும் சிம்முக்கும் சம்பந்தமில்லை. மாரியம்மன் கோயில் திருவிழா அன்று ரதம் கிளம்பும் நேரத்தில் எல்லாரும் நேரலை போடுவார்கள், அப்போது யாருக்குமே எதுவும் போகாது, அன்றைக்குப் பிழை தேட வேண்டாம், சாமி கும்பிடுங்கள்.

இரண்டு நேரமும் ஒரே மாதிரி மெதுவாக இருந்தால் திட்டத்தைப் பாருங்கள். ‘அன்லிமிடெட்’ என்று எழுதிய பல பிரிபெய்ட் திட்டங்களில் வேகத்துக்கு உச்சவரம்பு இருக்கும், அளவு தாண்டினால் ஆமை வேகம். வேகச் சோதனையே ஓடவில்லை, ஆனால் அழைப்பு நன்றாகப் போகிறது என்றால் ஏபிஎன் அமைப்பை (போன் இணையத்துக்குள் நுழையும் வாசலின் முகவரி) மீட்டமையுங்கள், நிறுவனம் மாறியவர்களுக்குப் பழைய ஏபிஎன் ஒட்டிக்கொண்டிருக்கும்.

“5ஜி போன் வாங்கினேன், 5ஜி வரல”

நம் நாட்டில் 5ஜி 2021 டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவில் தொடங்கியது. முதல் வலையைக் கட்டியது டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட், எல்லா நிறுவனமும் அதை வாடகைக்கு எடுத்து விற்றன. அது ஓடுவது முக்கியமாக இரண்டு அலைவரிசையில்: 3500 மெகாஹெர்ட்ஸ், போன் கணக்கில் என்78, அப்புறம் 700 மெகாஹெர்ட்ஸ், அது என்28. என்78 டவுனுக்கு. தோட்டத்துப் பக்கம் ஏதாவது எட்டினால் அது என்28 வழியாகத்தான் இருக்கும், அதனால் வாங்கும் முன் விவரக்குறிப்பில் இரண்டும் இருக்கிறதா பாருங்கள், ‘5ஜி’ என்று பெட்டியில் போட்டிருப்பது மட்டும் போதாது. அந்த 700 முன்பு பழைய தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு ஒதுக்கியிருந்தது, 2019இல் பழைய ஒளிபரப்பை நிறுத்தியதால்தான் காலியானது. லயத்துக் கூரைகளில் மீன்முள் மாதிரி துருப்பிடித்து நிற்கும் ஏரியல்களைப் பார்த்தால் எனக்கு அந்த நினைப்பு வரும்.

போனில் இரண்டும் இருந்து, டவுனில் வருகிறது, தோட்டத்தில் வரவில்லை என்றால் கோளாறில்லை, அங்கே எட்டவில்லை. தோட்டத்தில் ‘5ஜி’ வந்து வந்து போகிறது, பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்கிறது என்றால் 5ஜியை அணைத்து 4ஜியில் வையுங்கள். பெருமைக்காகப் போட்டு வைத்து என்ன பயன்?

“மழை பெஞ்சா போயிடுது”

இந்த அலைவரிசைகளை மழைத்துளி அவ்வளவாகத் தடுப்பதில்லை. நனைந்த இலை தடுக்கும், செம்பனைக் காட்டுக்கு நடுவே இருந்தால் மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் மந்தமாகத்தான் இருக்கும். மொத்தமாகப் போய்விடுகிறது என்றால் பெரும்பாலும் இடியில் மின்சாரம் போய்க் கோபுரம் பேட்டரியில் நின்று, அதுவும் தீர்ந்து அணைந்திருக்கும். வீட்டிலும் கரண்ட் இல்லையா பாருங்கள், காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

“‘அவசர அழைப்பு மட்டும்’ னு வருது”

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் கோபுரம் கிடைக்கவில்லை, ஆனால் வேறு யாருடைய கோபுரமோ போனின் காதில் விழுகிறது என்று பொருள். 999 அடித்தால் அந்தக் கோபுரம் வழியாகப் போகும். காட்டுக்குள் பாம்பு கடித்தவரை வைத்துக்கொண்டு ‘லைன் இல்லை’ என்று ஓடாமல் முதலில் 999 அடித்துப் பாருங்கள்.

டவுனுக்கு வந்தும் அதே எழுத்து என்றால் பிரிபெய்ட் காலம் முடிந்திருக்கும், அல்லது சிம் செத்திருக்கும். வலைத் தேர்வு ‘கைமுறை’யில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், பிள்ளைகள் விளையாடி மாற்றிவைத்திருக்கும், ‘தானியங்கி’க்கு மாற்றுங்கள்.

“எல்லாம் பார்த்தாச்சு, இடம்தான் பிரச்சினை”

அப்படியென்றால் நிறுவனம் மாறுங்கள், எண்ணை வைத்துக்கொண்டே மாறலாம். ஆனால் மாறும் முன் அந்த நிறுவனத்து சிம் வைத்திருக்கும் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, அடுப்படியிலும் படுக்கையறையிலும் டிபிஎம் எண்ணைப் பாருங்கள், ஒரு தேத்தண்ணி கொடுத்தால் வேலை முடிந்தது. சின்னப் பெயர்களுக்கு மாறுகிறவர்கள் கவனியுங்கள், டியூன் டாக், ரெட்ஒன் போன்றவை சொந்தக் கோபுரம் இல்லாமல் பெரிய நிறுவனத்தின் வலையில் ஓடுபவை. செல்கோம்டிஜியிலிருந்து ரெட்ஒன்னுக்கு மாறினால் திட்டம் மலிவாகலாம், கோபுரம் அதேதான்.

எந்த நிறுவனமும் எட்டவில்லை என்றால் புகார் போடுங்கள். முதலில் நிறுவனத்திடம், புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, பதில் திருப்தியில்லை என்றால் தொடர்புத்துறை பல்லூடக ஆணையத்தின் புகார்த் தளத்தில். ‘எங்கள் தோட்டத்தில் லைன் இல்லை’ என்று எழுதினால் ‘போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள்’ என்று பதில் வரும். கூகள் வரைபடத்தில் உங்கள் வீட்டின் மேல் விரலை அழுத்தினால் வரும் இட எண்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை), நாள், நேரம், டிபிஎம் எண், 4ஜியா 2ஜியா, போன் மாடல், சிம் மாற்றிப் பார்த்த முடிவு, இவ்வளவும் எழுதுங்கள். எங்கள் பக்கத்து லயம் ஒன்றில் இப்படி எழுதியபோது ஒரு வாரத்தில் ஆளே அழைத்து எந்த நேரத்தில் மோசம் என்று கேட்டார். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு ஒரே கடிதமாகக் கொடுக்க வேண்டாம், கணினியில் அது ஒரு புகார்தான், பத்துப் பேரும் தனித்தனியாகப் போடுங்கள்.